நங்கூரம் போட்ட கார்டு

"அவகிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாதீங்க" என்று கடைக்காரரின் காதருகே குனிந்தார் பெரியவர். அவர் மனைவி வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தாள்.

பழைய பட போஸ்ட் கார்டுகளை வாங்கி விற்கும் கடை அது. எந்தக் கம்பெனி, எந்த வருஷம் அடித்தது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார் கடைக்காரர்.

"பையன் கப்பல்ல சமையல் வேலை. போன வருஷப் புயல்ல கப்பலோட போயிட்டான். மூணு வாரம் கழிச்சு இந்தக் கார்டு வந்துச்சு. தேதி போடல, தபால் முத்திரையும் மசமசன்னு இருக்கு." பெரியவர் குரலை இன்னும் தாழ்த்தினார். "அவன் இல்லைன்னு எனக்குத் தெரியும் சார். புயலுக்கு அப்புறம் அடிச்ச கார்டுன்னு சொல்லிடுங்க. அதை நம்பித்தான் உயிரோட இருக்கா."

அந்த அம்மாள் உள்ளே வந்தாள். "என்ன ரகசியம்?"

"உன்னைப் பத்திதான். முப்பது வருஷமா குறை சொல்ல ஆள் கிடைக்காம இருந்தேன்."

"கிடைச்சாச்சுல்ல, உக்காந்து சொல்லுங்க. அப்புறம் முட்டி வலிக்குதுன்னு என் உசிரை எடுக்காதீங்க."

கார்டில் ஒரு கலங்கரை விளக்கம், கீழே கடற்கரை. வானத்துக்குக் கொஞ்சம் அதிகமாகவே நீலம் பூசியிருந்தார்கள். பின்பக்கம், 'அம்மா, நல்லா இருக்கேன். அப்பாகூட சண்டை போடாதே. அடுத்த மாசம் வரேன்.'

கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கம்பெனி பெயர் இல்லை. பின்பக்கம் கீழ் மூலையில் கடுகளவு நங்கூரம், அதன் கீழே 417.

பெட்டியிலிருந்த நங்கூரக் கார்டுகளை மேஜையில் பரப்பினார். 411லும் 423லும் எழுதியவர்கள் தேதி போட்டிருந்தார்கள். இரண்டுமே முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தையவை.

ஏதோ துறைமுகக் கடையில் விற்காமல் கிடந்த சரக்கைப் பையன் வாங்கியிருக்கிறான். புயலுக்கு முன்னால் எழுதிப் போட்டது, தபாலில் தாமதமாகியிருக்கும். வேறொன்றும் இல்லை.

அந்த அம்மாளின் கை சும்மா இருக்கவில்லை. பரப்பிய கார்டுகளை அள்ளி, நங்கூரமெல்லாம் ஒரே மூலைக்கு வரும்படி திருப்பி, நாலு பக்கமும் மேஜையில் தட்டி, வெட்டி வைத்த செங்கல் மாதிரி அடுக்கி வைத்தாள்.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "பழைய படத்தையே திரும்ப அடிச்சிருக்காங்கம்மா. இந்த நம்பர், புயலுக்கு அப்புறம் வந்த புது அச்சு."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? நான் சொன்னா மட்டும் உங்களுக்கு ஏறாது."

"கேட்டேன், கேட்டேன்." பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "வா, பஸ் போயிடும்."

அவர்கள் போனார்கள். தெரிந்தே வருஷத்தை மாற்றிச் சொன்னது கடைக்காரருக்கு அதுதான் முதல் தடவை. கார்டுகளைப் பெட்டியில் திருப்பி வைக்கக்கூட மனம் வரவில்லை.

வாசலில் நிழலாடியது. அந்த அம்மாள்தான், தனியாக. சாத்தி வைத்த குடையை எடுத்துக்கொண்டாள், ஆனால் போகவில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஒரு அச்சாபீஸ்ல கார்டு எண்ணிக் கட்டுற வேலை பார்த்தேன் தம்பி. அவருக்கு அச்சாபீஸ்னு தெரியும், அவ்வளவுதான். இந்த நங்கூரம் எங்களோடது. நானூத்திப் பதினேழு நான் கட்டின கடைசிக் கட்டு."

கடைக்காரர் மேஜையில் அவள் அடுக்கி வைத்த கார்டுகளைப் பார்த்தார்.

"குடை கிடைச்சுதா?" என்று தெருவிலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"கிடைச்சாச்சு, வரேன்" என்று வெளியே பார்த்துச் சொன்னவள், கடைக்காரர் பக்கம் குனிந்தாள்.

"அவர்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லிடாதீங்க. அதை நம்பித்தான் உயிரோட இருக்காரு."