எங்கேயோ கேட்ட மெட்டு

ஐம்பது வயதுக்கு மேல் மெட்டமைக்கக் கற்றுக்கொண்ட பல் டாக்டருக்கு ஒரே ஓர் ஆசைதான். கண்ணை மூடுவதற்குள் சொந்தமாக ஒரு மெட்டு. பல்லவி வரைக்கும் போட்டுவிட்டார். சரணம்தான் பிடிபடவில்லை.

பாடிக் காட்டியதும் மனைவி, "எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே" என்றாள். மெட்டை மாற்றினார். மச்சானும் அதையே சொன்னான். தலைகீழாகத் திருப்பிப் போட்டார். பல் பிடுங்க வந்தவர் வாயில் பஞ்சோடு, "எங்கயோ..." என்று ஆரம்பித்தார்.

டாக்டருக்கு வெறுத்துவிட்டது. எதையுமே கேட்டிராத ஒரு காது வேண்டும். நல்லவேளையாக அன்று காலை மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"இவ எங்க கேட்டிருப்பா? இப்ப சொல்லுங்க பாப்போம்!" என்று எல்லோரையும் முறைத்துவிட்டு, தொட்டில்மேல் குனிந்து பல்லவியைப் பாடினார்.

குழந்தை கண்ணை மூடிக் கேட்டது. பிறகு வாயைத் திறந்து அழுதது. டாக்டர் இன்னும் குனிந்து காது கொடுத்தார். அது சரணம். அவர் இன்னும் போடாத சரணம். பல்லவியோடு கச்சிதமாகப் பொருந்தியது.

"பசிக்குது போல. தள்ளுங்கப்பா" என்றாள் மகள்.

குழந்தை சரணத்தை நிதானமாக முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பல்லவிக்குத் திரும்பியது. டாக்டர் பழக்கதோஷத்தில் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பல் ஒன்றுகூட இல்லை. ஸ்வரம் ஒன்றுகூடப் பிசகவில்லை.