முதல் இடம் கேட்ட தாலாட்டு

காரில் செருகியிருந்த பென் டிரைவில் முந்நூறாவது பாட்டாக ஒரு தாலாட்டு இருந்தது. நெடும்பயணங்களில் மட்டுமே முறை வரும். வந்தால் கடைசி வரி வரை பாடும். ஆனாலும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே, என்னை முதல்ல வையுங்க."

"அங்கே நிம்மதி இருக்காது, தங்கச்சி" என்றது பென் டிரைவ்.

"செருகின இடத்திலேயே சொகுசா இருக்கிறவரு பேசுறீங்க!"

நச்சரிப்புத் தாங்காமல், பென் டிரைவ் அதன் பெயருக்கு முன்னால் ஒன்று என்று போட்டது.

அன்றிலிருந்து வண்டி கிளம்பும்போதெல்லாம் தாலாட்டுதான் ஒலித்தது. "தினமும் இதேதானா!" என்று, முதல் அடி முடிவதற்குள் காரோட்டி அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுவார்.

ஒருநாள் பக்கத்துப் பாட்டு கேட்டது: "அக்கா, உங்க சரணம் அவ்வளவு அழகாமே, பாடுங்களேன்."

தாலாட்டு ஆசையாகத் தொடங்கியது. முதல் அடி வந்தது. மறுபடியும் முதல் அடியே வந்தது.