செலீனின் மணல் தகரங்கள்

"மாக்ரெட் அக்கா, பலாப்பழம் வெட்டினீங்களா? கொட்டையை வீசாதீங்க, எனக்குத் தாங்க."

வாளியோடு வாசலில் நின்றாள் செலீன்.

மாக்ரெட் கொட்டைகளை அள்ளி வாளிக்குள் போட்டாள். ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து இதே கதைதான். கொட்டாஞ்சேனையில் அந்தக் குறுகிய ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் பழம் மணத்தாலும் அடுத்த நிமிடம் செலீன் அங்கே நிற்பாள். பழம் மலிந்த மாதத்தில் கொட்டைக் கறி எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. அதனால் கேட்டதும் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுச் சிரிக்கவும் செய்தார்கள்.

"முகத்துவாரத்தில இருந்து மணல் கொண்டுவந்து, கழுவிக் காயவச்சு, பிஸ்கட் தகரத்தில போட்டு அதுக்குள்ள புதைக்கிறாள்," என்றாள் பிறிஜெற், பைப்படியில் குடத்தை வைத்தபடி. "அப்பிடி வச்சா மாசக்கணக்கில பழுதாகாதாம்."

"என்னத்துக்காம்?" என்று கேட்டாள் மாக்ரெட்.

"ஹோட்டல்காரனுக்கு விக்கத்தான்! சும்மா வாங்கிச் சல்லிக்கு விக்கிறது நல்ல யாவாரம்தானே?"

செலீனின் புருஷன் நிக்கலஸ் ஹாபரில் மூட்டை தூக்குகிறவன். வேலை கிடைத்த நாளில்தான் அந்த வீட்டு அடுப்பு ஒழுங்காக எரியும். அவனும் அன்று தண்ணீருக்கு நின்றான்.

"எனக்கே ஒரு கொட்டை சுட்டுத் தரமாட்டாள், அக்கா. தகரத்தில கை வச்சா அகப்பைக் காம்பால அடி!"

ஓகஸ்டில் மாக்ரெட் வீட்டுக்கு ஹெந்தளையிலிருந்து திடீர் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கறிக்கு ஒன்றுமில்லை. செலீனிடம் ஓடினாள்.

"ஒரு பிடி கொட்டை தா, செலீன்."

"குறை நினைக்காதீங்க, அக்கா. அது வேற தேவைக்கு வச்சது."

மாக்ரெட்டுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"என்ர வீட்டுக் கொட்டையை எனக்கே தரமாட்டாளாம்! இப்பிடி ஒரு கஞ்சப் பிறவியை நான் கண்டதே இல்ல!"

ஒழுங்கை முழுக்கச் சொல்லித் தீர்த்தாள். அன்றோடு செலீனுடன் பேச்சுவார்த்தை இல்லை.

டிசம்பர் வந்தது. கோயில் திருநாளுக்கு முந்திய நவநாளில், ஒன்பது நாளும் நாளுக்கொரு ஒழுங்கை பூசைக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். எட்டாம் நாள் இவர்களுடையது. முப்பது வருடமாக ஒரு தடவைகூடத் தவறியதில்லை. பொறுப்பு மாக்ரெட்டுக்கு.

ஆனால் அது எழுபத்து நாலாம் வருடம், நாடெங்கும் சாப்பாட்டுத் தட்டுப்பாடு. அரிசி கூப்பனுக்குத்தான். பாணுக்குக் கியூ.

பாண் தருவதாகச் சொல்லியிருந்த பேக்கரி ஷரீப் காக்கா, ஆறாம் நாள் கையை விரித்துவிட்டார்.

"மா வரல்ல, தங்கச்சி. ஒரு றாத்தல்கூடத் தர ஏலா."

மாக்ரெட் ஃபாதரிடம் போய் நின்றாள்.

"ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, மகள். பின் ஒழுங்கைக்காரர் மரவள்ளி அவிச்சுத் தாறம் எண்டு கேக்கிறாங்க. ஆனா ஒருக்காக் குடுத்தா அந்த நாள் பிறகு அவங்களுக்குத்தான்."

மாக்ரெட் பைப்படிக்கு வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"முப்பது வருஷம்! என்ர கையாலதானா இது போகவேணும்?"

செலீன் குடத்தைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேர் வருவாங்க, அக்கா?"

"இருநூறு."

"என்னட்ட இருக்கிற கொட்டை காணும். நீங்க தேங்காயை மட்டும் பாருங்க."

ஆறு பெரிய தகரங்கள் வெளியே வந்தன. மணலைச் சலித்தார்கள். ஒரு கொட்டையும் பழுதில்லை. ஜூனில் இருந்ததைவிட இனிப்பாகக்கூட இருந்தன. ஒழுங்கையே குந்தியிருந்து தோல் உரித்தது. பிறிஜெற் தன் வீட்டுக் கிடாரத்தைத் தூக்கிவந்தாள். கொட்டைகளை அவித்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்து, தேங்காய்ப்பூவைக் கொட்டிக் கிளறியபோது மணம் கோயில் வாசல்வரை போனது.

"முன்னமே சொல்லியிருக்கலாமே, செலீன்!" என்றாள் மாக்ரெட்.

"சொன்னா ஆளுக்கொரு பிடி கேட்டு நவம்பரோட முடிஞ்சிருக்கும், அக்கா. போன வருஷமே எங்கட நாளில பாண் பத்தாமப் போச்சே, அதுதான் யோசிச்சனான்."

மாக்ரெட் குனிந்து கிடாரத்தைக் கிளறினாள். கேட்ட முதல் ஆள் அவள்தானே!

எட்டாம் நாள் இருநூறு பேரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். பின் ஒழுங்கைக்காரர் இரண்டாம் முறையும் வந்து கை நீட்டினார்கள். மாக்ரெட்டுக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபாதரும் ஒரு கோப்பை சாப்பிட்டார்.

"இவ்வளவும் யார் குடுத்தது?"

"எங்கட ஒழுங்கை, ஃபாதர்," என்று செலீன் தகரங்களைக் காட்டினாள்.

ஒவ்வொரு தகரத்திலும் கடதாசி ஒட்டி, எந்தெந்த வீட்டுக் கொட்டை என்று பெயர் எழுதிவைத்திருந்தாள். ஃபாதர் சத்தமாக வாசித்தார். முதல் பெயர் மாக்ரெட். சனம் கைதட்டியது. அவள் நிமிர்ந்து நின்றாள். பெயருக்குப் பெயர் கைதட்டல். மொத்தம் இருபத்தொரு பெயர்கள்.

"உங்கட பேரைக் காணேல்லயே, மகள்?"

"நாங்க இந்த வருஷம் பலாப்பழம் சாப்பிடேல்ல, ஃபாதர்," என்றாள் செலீன், சாதாரணமாக.

மாக்ரெட் அந்தப் பெயர்களைத் திரும்பவும் பார்த்தாள். வாசலில் வாளியோடு நின்றவளுக்குக் கொட்டையை அள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரு சுளை கொடுக்க மனம் வராத இருபத்தொரு வீடுகள்.