பதினோராவது நிமிடத்துச் சத்தம்

மனிதகுலத்துக்கு இதுவரை வாய்த்த காதுகளிலேயே கூர்மையானது தன்னுடைய இடது காதுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. வலது காது அதற்கு அடுத்தபடி. ரசிகர் குழுவில் எல்லோரும் அவனைப் ‘பாம்புச்செவி’ என்று கூப்பிட்டார்கள். அதை அவன் பட்டப்பெயராக நினைக்கவில்லை, பதவியாக நினைத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, குழு அவன் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. குழு என்றால் கல்லூரி மாணவனான அவன், ஒரு பல் டாக்டர் அக்கா, ஒரு வங்கிக்காரர், ஆக மூன்றே பேர். இருபது வருடத்துக்கு முன்னால் ஓடிய ‘மாடியில் நாலு பேர்’ என்ற நகைச்சுவைத் தொடருக்கு உலகத்தில் மிச்சமிருந்த ரசிகர்கள் அவ்வளவுதான். பிரம்மச்சாரிகளுக்கு மட்டுமே வாடகைக்கு விடுகிற ஒரு கடுகடுப்பான வீட்டுக்காரரின் கதை அது.

தொடரைத் தூசி தட்டி மறுபடி ஒளிபரப்பப் போகிறார்கள். உள்ளே இருக்கும் தவறுகளை எழுதி அனுப்பினால் வெட்டித் தூக்கிவிடுவார்கள். ஆகச் சிறந்த தவறைப் பிடித்தவரின் பெயர் திரையில் வரும். பட்டியல் அனுப்ப அன்றுதான் கடைசி நாள்.

“அஞ்சாவது பகுதி,” என்று ஆரம்பித்தார் வங்கிக்காரர். “வீட்டுக்காரர் மீசை வாசல்ல வலது பக்கம் கோணல், உள்ள வந்ததும் இடது பக்கம் கோணல்.”

“அது மீசை இல்ல சார், கார் வைப்பர்,” என்றார் டாக்டர். “என்னோடதைக் கேளுங்க. எட்டாவது பகுதியில ஹீரோ சட்டை மொத்தமும் வெள்ளைப் பட்டன். மூணாவது மட்டும் நீலம்!”

“வெள்ளை தீர்ந்துபோயிருக்கும்,” என்று உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. தையல் மெஷின் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா, நாங்க இங்க ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கோம்,” என்றான் அவன். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

“மீசையையும் பட்டனையும் கண்ணு இருக்கிற யாரும் பிடிச்சிடுவாங்க. நான் பிடிச்சது ஒரு சத்தம். பத்தொன்பதாவது பகுதி, பதினோராவது நிமிஷம், ஒரே ஒரு நொடி. என்ன சத்தம்னு இப்பச் சொல்ல மாட்டேன், போட்டே காட்டுறேன்.”

தையல் மெஷின் நின்றது. மனிதகுலத்தின் கூர்மையான காதில் அது விழவில்லை.

“இருபது வருஷமா யாருக்குமே கேட்கலையா தம்பி?”

“யாருக்கும் கேட்காதது பரவாயில்லக்கா. அதுக்குன்னே ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே, சவுண்டுக்காரன்! டைரக்டர் கேட்டிருப்பாரு. இவன் கூசாம ‘எனக்கு ஒண்ணும் கேட்கலையே’ன்னு சொல்லியிருப்பான். அது காதா, கப்புக் கைப்பிடியா?”

வங்கிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “போட்டுத் தாக்குறியேப்பா!”

“என் பேரு திரையில வரட்டும் சார். பார்த்துட்டு, அந்த மனுஷன் நாக்கைப் பிடுங்கிக்கணும்.”

ஸ்பீக்கர் வயர் எடுக்க அவன் உள்ளறைக்குப் போனான். அம்மா மெஷின் சக்கரத்தில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“குழந்தை அழுற சத்தம்தானேடா?” என்றாள்.

அவன் கையிலிருந்த வயர் நழுவியது. “உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நீ பொறந்த புதுசுல ஒரு கம்பெனிக்குத் துணி தைச்சேன்னு சொல்லியிருக்கேன்ல?”

சொல்லியிருந்தாள், பலமுறை. என்ன கம்பெனி என்று அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

“அந்த நாலு பேர் சட்டையும் நான் தைச்சதுதான். அன்னைக்கு உன்னைப் பார்த்துக்க ஆளில்ல. துணிக்கூடையில படுக்க வெச்சு, செட்டுக்குப் பின்னால மறைச்சு வெச்சிருந்தேன். பிள்ளையோட வந்தது தெரிஞ்சா வேலை போயிடும். ‘இந்த வீட்டுல பிள்ளைச் சத்தமே கேட்கக் கூடாது’ன்னு அந்த வீட்டுக்காரர் வசனத்தை முடிக்கிறாரு, மகராசன் நீ வாயைத் திறக்கிறே.”

“அப்புறம்?”

“டைரக்டர், ‘என்னமோ சத்தம் வந்துச்சே’ன்னு சவுண்டுக்காரரைக் கேட்டாரு. அவர் கூடையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. அப்புறம் நீ இப்பச் சொன்னியே, அதைத்தான் சொன்னாரு. ஒரு வார்த்தை மாறல. அந்த வேலையிலதான் உன்னை வளர்த்தேன்.” குனிந்து வயரை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “போ, காத்துக்கிட்டிருக்காங்க.”

பத்தொன்பதாவது பகுதி ஓடியது. வீட்டுக்காரர் விரலை ஆட்டி வசனத்தை முடித்தார். அவர் முதுகுக்குப் பின்னால் எங்கோ, ஒரே ஒரு நொடி, ‘ங்ஙே’ என்றது.

டாக்டர் துள்ளி நிமிர்ந்தார். “குழந்தை! குழந்தை அழுதுச்சு! நீ சொன்னது இதுதானே தம்பி?”

“எனக்கும் என்னமோ கேட்ட மாதிரிதான் இருந்துச்சு,” என்று வங்கிக்காரர் பேனா மூடியைக் கழற்றினார். “பாம்புச்செவி, திரையில உன் பேருதான்யா! எழுதிடவா?”

காது விஷயத்தில் அவன் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. இருவரும் அவன் வாயையே பார்த்தார்கள். உள்ளறையில் மெஷின் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

அவன் தன் இடது காதைச் சுண்டுவிரலால் நிதானமாகக் குடைந்தான்.

“எனக்கு ஒண்ணும் கேட்கலையே.”