சத்தம் வராம எறங்கு

சங்கராபுரம் பள்ளிக்கூட மைதானத்தில் மஞ்சள் வெயில். நாற்று நட்டுவிட்டு நெட்பால் ஆட வந்திருக்கும் இசைவாணி, காலில் காய்ந்த சேற்றோடு பெஞ்சிலிருந்து திரும்பத் திரும்பக் குதிக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தொப்பென்று சத்தம். முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. "முட்டிய நேரா மடக்கி, சத்தம் வராம எறங்குடி," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தோழி அப்ரின். போன வருஷம் இதே மண்ணில் பந்துக்கு எம்பி இறங்கும்போதுதான் அப்ரினுக்கு முட்டி ஜவ்வு கிழிந்தது. "எவ்ளோ நேரம் இதையே பண்ணிக்கினு இருக்கறது? ஆட்டத்த ஆரம்பிங்கடி!" என்று சலித்துக்கொள்கிறாள் இசைவாணி. விசில் கேட்கிறது. பந்து உயரே போகிறது, இசைவாணியும் எம்புகிறாள். விடிந்தால் அவள் மறுபடி சேற்றில் இறங்கியாக வேண்டும். அப்ரின் தன் முட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறாள். இசைவாணி இறங்குகிறாள், மண்ணில் ஒரு சத்தமும் இல்லை. அப்ரின் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.