அசலூர் ஆள்

கொலை வழக்கில் வெள்ளைக்கார ஜட்ஜ் விடுதலை செய்த செங்கோடனை, வக்கீல் வேதாசலமே கொல்லிமலைக்கு அழைத்து வந்தார்.

பாவாயி வாசலுக்கு வெளியே இலை போட்டு, இருவருக்கும் களி வைத்தாள்.

"இவனையாவது உள்ளே கூப்பிடும்மா" என்றார் வக்கீல்.

"அசலூர் ஆளுங்களை ஊட்டுக்குள்ள சேர்க்கறதில்லீங்க."

வக்கீல் பதறினார்.

"நீ பெத்த பிள்ளைம்மா!"

"தாயை அடிச்ச காண்ட்ராக்டரை மகன் வெட்டிட்டான்னு கேசு. 'இவன் எம்மவனே இல்லே'ன்னு கூண்டுல சத்தியம் பண்ணச் சொன்னது நீங்கதானுங்களே?"

"மகனே இல்லைன்னா வெட்டக் காரணமில்லைன்னு கோர்ட்டுக்காகச் சொன்னதும்மா."

"சாமி பேர்ல சொன்னேனுங்க. இப்ப மவன்னு உள்ள சேர்த்து அது பொய்யாச்சுன்னா, நீங்க காப்பாத்துன உசிரைச் சாமி எடுத்துக்கும்."

அவள் மகனிடம் திரும்பினாள்.

"மழை வருதுங்க. நேரத்தோட மலை எறங்கிடுங்க."