பேராசிரியரின் பாஸ்வேர்டு

போனில் அச்சு அசல் பேராசிரியரின் குரல். "இந்தாம்மா, லேப்டாப் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. உங்கிட்ட சொல்லி வெச்சேனே, சீக்கிரம் சொல்லு!"

மனைவி அசருவாளா? யார் குரலிலும் கம்ப்யூட்டர் பேசும், கேள்வி கேட்காமல் நம்பாதே என்று புருஷன் லட்சம் தடவை ஓதியிருக்கிறார்.

"நம்ம கல்யாண நாள் என்னிக்கு?"

"ஏப்ரல்... இல்ல, மே..."

"மாட்டினியா, திருட்டுப் பயலே!"

மாலையில் புருஷன் வந்ததும் பெருமையாகச் சொன்னாள்.

சைபர் பாதுகாப்பைச் செய்முறையாகக் கற்க வந்த முதலாமாண்டு எஞ்சினியரிங் பிள்ளைகள் முன்னால், ஸ்பீக்கர் போனில் திட்டு வாங்கியவர் சாட்சாத் அவரேதான். பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை பறக்காததுதான் பாக்கி.

"கெட்டிக்காரி! திருடனுக்கு நம்ம கல்யாண நாள் எப்படித் தெரியும்?"

"அதானே! நீங்க சொல்லுங்க, என்னிக்கு?"